அப்பாவுக்கு வருடக்கணக்கில் எலும்பு வலி, பாஸ்பேட் 1.4. கட்டி தேட ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள், ஆய்வுக்குக் கையெழுத்தும் கேட்கிறார்கள், போடலாமா?

அருவிக்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 53 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டு. விடிவதற்கு முன்னால் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ஏறினால் வெயில் உறைப்பதற்குள் வெட்டு முடித்து, பாலும் எடுத்து ஊற்றிவிட்டு வந்துவிடுவார், அப்படிப்பட்ட ஆள். முதலில் குதிகால் வலி என்றார், செருப்பை மாற்றிக் கொடுத்தோம். அப்புறம் இடுப்பு. அப்புறம் விலா. இப்போது தும்மல் வந்தாலே விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். தரையில் சம்மணம் போட்டு இருந்தால் எழும்ப முடியாது, முட்டில் கையை ஊன்றி, அப்புறம் தொடையில் ஊன்றி, சுவரைப் பிடித்துத்தான் எழும்ப வேண்டும். நடை இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து போகிறது. ஆளும் குறுகிவிட்டார், முன்பு எட்டி எடுத்த பரணில் இப்போது கை படவில்லை.

டிஸ்க் என்றார்கள், வாதம் என்றார்கள், எலும்புத் தேய்மானம் என்று சொல்லி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வருடத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசியும் போட்டார்கள். கால்சியம் மாத்திரை, வைட்டமின் டி எல்லாம் தின்று பார்த்தாயிற்று. கடைசியில் ஒரு சின்ன வயது டாக்டர் பழைய ரிப்போர்ட்டை எல்லாம் கட்டிலில் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு, "பாஸ்பரஸ் யாருமே எடுக்கவில்லையே" என்றார். எடுத்தால் 1.4. வெறும் வயிற்றில் மறுபடி எடுத்தும் 1.5 தான். கால்சியம் 9.0, வைட்டமின் டி 34, எலும்பு நோயில் கூடும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற என்சைம் 460. உடம்பில் எங்கேயோ ஒரு சின்னக் கட்டி இருந்து ஒரு ஹார்மோனைச் சுரந்துகொண்டிருக்கலாம், அதுதான் எலும்பை இப்படி ஆக்குகிறது என்று சொல்லி, பெரிய மையத்துக்கு அனுப்பினார். அங்கே டோட்டாடேட் பெட் ஸ்கேன் என்று, இந்த மாதிரிக் கட்டியைத் தேடுகிற ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள்.

என் குழப்பம் இதுதான். எங்கேயோ இருக்கிற கட்டி உடம்பு முழுக்க எலும்பைக் கெடுக்குமா? பக்கத்து வீட்டில் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) தின்று தின்று இப்படி ஆகிவிட்டது என்கிறார்கள், சொந்தக்காரர் ஒருவர் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கும் கதிர்வீச்சு என்கிறார், நாங்கள் மலைப்பக்கம் இருக்கிறோம். அதோடு, ரத்தமும் கட்டியின் துண்டும் ஆய்வுக்கு எடுத்து வைக்க, படத்தோடு கேஸை எழுதி வெளியிட, கையெழுத்துக் கேட்கிறார்கள். அம்மா பயப்படுகிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வேளிமலை:

தம்பி, நான் ஹார்மோன் மருத்துவம் மேற்படிப்பு படிக்கிற டாக்டர், ஊர் தக்கலை பக்கம். நேரில் பார்க்காமல் இதுதான் நோய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் அந்த டாக்டர் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது.

பெரியவர்களுக்கு ரத்தத்தில் பாஸ்பேட் (லேப் சீட்டில் பாஸ்பரஸ் என்று வரும்) 2.5 முதல் 4.5 வரை இருக்க வேண்டும். எலும்புக்குக் கால்சியம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், பாஸ்பேட்டும் அதே அளவுக்கு வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்து உப்பாகப் படிந்தால்தான் எலும்பு கடினமாகும். பாஸ்பேட் இல்லையென்றால் உடம்பு புது எலும்பைப் போட்டுக்கொண்டே இருக்கும், அது இறுகாமல் மிருதுவாகவே கிடக்கும். இதற்கு ஆஸ்டியோமலேசியா என்று பெயர். எலும்பு அடர்த்தி பார்க்கிற டெக்ஸா ஸ்கேனில் இதற்கும் அடர்த்தி குறைவு என்றுதான் வரும், அதனால் தேய்மானம் என்று எண்ணி அந்த வருடாந்திர ஊசியைப் போட்டுவிடுகிறார்கள். ஆஸ்டியோமலேசியா இருக்கும்போது முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், அந்த ஊசி இதற்கு மருந்தே ஆகாது, கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் இன்னும் இறக்கிவிடக்கூடும். அடுத்த டோஸ் எப்போது என்று யாராவது கேட்டால், பாஸ்பேட் ரிப்போர்ட்டை முன்னால் வையுங்கள்.

கட்டி எப்படி எலும்பைக் கெடுக்கிறது என்று கேட்டீர்கள். நம் எல்லோர் எலும்பிலும் எஃப்.ஜி.எஃப் 23 என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது. பாஸ்பேட் கூடினால் அதைச் சிறுநீரில் விடச் சொல்லிச் சிறுநீரகத்துக்குக் கட்டளை போடுவது அதன் வேலை. வைட்டமின் டி-யைச் சிறுநீரகம் வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுவதையும் அது தடுக்கும். இந்தச் சின்னக் கட்டிகள் அந்த ஹார்மோனைக் கணக்கில்லாமல் கொட்டுகின்றன. அப்புறம் என்ன, பேச்சிப்பாறை மதகைத் திறந்துவிட்டு மேலே எவ்வளவு மழை பெய்தால் என்ன, அணை நிரம்பாது. அதனால்தான் வைட்டமின் டி 34 இருந்தும், கால்சியம் தின்றும், அப்பாவுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

இது தெரிய வந்த விதமே தனிக் கதை. 1947-இல் இங்கிலாந்தில் மெக்கான்ஸ் என்பவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார், ஏராளமாக வைட்டமின் டி கொடுத்தும் முழுக்கக் குணமாகாமல், தொடை எலும்பில் இருந்த கட்டியை எடுத்தபிறகு குணமானது. கட்டிதான் காரணம் என்று அவர் எண்ணவில்லை. 1959-இல் சுவிட்சர்லாந்தில் பிராடர் என்ற குழந்தை மருத்துவர், 11 வயதுச் சிறுமிக்கு விலா எலும்புக் கட்டியை எடுத்ததும் ரிக்கெட்ஸ் (குழந்தைகளுக்கு எலும்பு இறுகாமல் போகும் நோய்) ஆறியதைப் பார்த்து, கட்டியிலிருந்து ஏதோ ஒன்று சுரக்கிறது என்று சொன்னார். அந்த ஏதோ ஒன்று எஃப்.ஜி.எஃப் 23 தான் என்று ஜப்பானியர்கள் இப்படிப்பட்ட ஒரு கட்டியிலிருந்தே கண்டுபிடித்தது 2001-இல். ஒவ்வொரு படியும் ஒரே ஒரு நோயாளியை யாரோ ஒருவர் விடாமல் கவனித்ததால் வந்தது.

ஸ்கேனுக்கு முன்னால் வேறு சில காரணங்களையும் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ரத்தசோகைக்கு இரும்பு ஊசி நரம்பில் போட்டார்களா? அதில் சில வகைகள், முக்கியமாக கார்பாக்சிமால்டோஸ், இதே ஹார்மோனைக் கூட்டி பாஸ்பேட்டை இறக்கும். மஞ்சள் காமாலை பி-க்கு டெனோபோவிர் போன்ற மாத்திரை தின்கிறாரா? அது சிறுநீரகக் குழாயைக் கெடுத்து பாஸ்பேட்டோடு சர்க்கரையையும் புரதத்தையும் கசியவிடும். வயிற்றெரிச்சலுக்கு அலுமினியம் கலந்த மருந்தை மாதக்கணக்கில் குடித்தாலும் குறையும். சின்ன வயதிலிருந்தே கால் வளைவு, குள்ளம், குடும்பத்தில் இன்னொருவருக்கும் அப்படி என்றால் அது பரம்பரை வகை, அதற்குக் கட்டி தேட வேண்டாம். அப்பா ஐம்பது வயதுவரை ரப்பர்க் காட்டில் ஏறி இறங்கியவர் என்பதால் அதை நான் நினைக்கவில்லை. வெறும் வயிற்றில் ரத்தமும் சிறுநீரும் ஒரே நேரத்தில் எடுத்து, சிறுநீரில் பாஸ்பேட் எவ்வளவு வீணாகிறது என்று கணக்குப் போடுவார்கள், அது முக்கியம்.

இன்னொன்று, இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்குங்கள். தொடை எலும்பின் கழுத்தில் குறுக்காக ஒரு கோடு போல் இருந்தால் அது முழுசாக முறிவதற்கு முந்தைய நிலை. அப்படி இருந்தால் இரண்டு பக்கமும் கம்பு இல்லாமல் அவரை நடக்க விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதைக் கொஞ்சம் ஆத்திரத்தோடேயே எழுதுகிறேன். எலும்பு வலி என்று வருகிறவருக்கு நம் ஊர் லேபில் கால்சியம் எடுப்பார்கள், யூரிக் ஆசிட் எடுப்பார்கள், ஆர்.ஏ ஃபேக்டர் எடுப்பார்கள். பாஸ்பரஸ் எடுக்க மாட்டார்கள். விலை குறைந்த சோதனை, சின்ன லேபிலும் முடியும். இது எழுதப்படாததால் ஆட்கள் வருடக்கணக்கில் கட்டிலில் கிடக்கிறார்கள்.


தக்கலை அக்கா:

அருவிக்கரை தம்பி, நீ எழுதினது முழுக்க என் கதை. எனக்குக் கட்டி இருந்தது வலது உள்ளங்காலில். ஒன்றரை சென்டிமீட்டர், வலியே கிடையாது. அழுத்தினால் தோலுக்கு அடியில் லேசாக வழுக்கும், ஆணி என்று நினைத்திருந்தேன்.

நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான், அதை நல்லாக் கேட்டுக்கோ. ஸ்கேன் எடுக்கிற இடத்தில் உச்சி முதல் பாதம் வரை, கை விரல் வரை எடுக்கச் சொல்லி எழுதி வாங்கு. எனக்கு முதலில் எடுத்த இடத்தில் புற்றுநோய்க்கு எடுக்கிற வழக்கப்படி தலையோட்டின் அடியிலிருந்து தொடைப்பாதிவரை எடுத்துவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதுவும் சர்க்கரை வைத்து எடுக்கிற சாதாரண பெட் ஸ்கேன். அந்த ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு எல்லாரும் மனசில் பிரச்சினை, தூக்க மாத்திரை போடு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பிறகு வேறு ஊரில் டோட்டாடேட் எடுத்தபோது, கால் விரல் நுனி வரை எடுத்ததால் பாதத்தில் ஒரு புள்ளி மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

ஸ்கேனுக்கு முன்னாலேயே அந்த டாக்டர் அம்மா என்னை ஒரு மணி நேரம் தடவிப் பார்த்தார். டார்ச் அடித்து ஈறு முழுக்கப் பார்த்தார், மூக்குக்குள் பார்க்க இ.என்.டி-யைக் கூப்பிட்டார், விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்தார். இந்தக் கட்டி காலில் வரும், தாடையில் வரும், மூக்கை ஒட்டிய குழியில் வரும் என்றார். அப்பா பல்லுக்கோ மூக்கடைப்புக்கோ எங்காவது காட்டியிருந்தால் அதையும் சொல்.

ஆபரேஷன் ஆன அந்த வாரத்திலேயே பாஸ்பேட் ஏறிவிட்டது. எனக்கே நம்ப முடியவில்லை. ஆனால் எலும்பு உடனே சரியாகாது, மாதக்கணக்கு ஆகும். முதலில் எலும்பு ஆறுகிறபோது கால்சியத்தை இழுத்துக்கொள்ளும், விரல் மரத்துப்போனால் சொல்லச் சொன்னார்கள். இப்போது மாடிப்படி ஏறுகிறேன், இரணியல் சந்தைக்குத் தனியாகப் போய்வருகிறேன்.


ஆசான் வீட்டுப் பேரன்:

எங்கள் தாத்தா வர்ம ஆசான், விளவங்கோடு பக்கம். யாரும் தப்பாக எடுக்க வேண்டாம், எங்கள் வீட்டுத் தொழிலை மதித்தே சொல்கிறேன். இந்த நடையோடு, தொட்டாலே விலா வலிக்கிற ஆள் வந்தால் தாத்தா எண்ணெய் போட மாட்டார், தடவ மாட்டார், கட்டும் போட மாட்டார். எலும்பில் வலு இல்லை, படம் எடுத்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புவார். அப்பாவை யாராவது எண்ணெய் தடவி அழுத்துகிற உழிச்சிலுக்குக் கூப்பிட்டால் போக விடாதீர்கள் தம்பி. மிருதுவாக இருக்கிற விலா கை அழுத்தத்திலேயே முறியும்.


தோவாளை டீச்சர்:

கால்சியத்தைக் கட்டுப்படுத்துகிற பாராதைராய்டு சுரப்பியைப் பார்த்தார்களா? என் நாத்தனாருக்கு இதே மாதிரி எலும்பு வலி, கூடவே சிறுநீரகக் கல் மறுபடி மறுபடி. கடைசியில் கழுத்தில் இருந்த ஒரு பாராதைராய்டு சுரப்பி வீங்கியிருந்தது. அதிலும் பாஸ்பேட் குறைந்துதான் இருந்தது என்று ஞாபகம்.

இதைப் படித்ததும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கேப்டன் மார்டெல் கதை நினைவுக்கு வந்தது. சார்ல்ஸ் மார்டெல், அமெரிக்க வணிகக் கப்பல் கேப்டன். ஆறடிக்கு மேல் இருந்தவர், எலும்பு முறிந்து முறிந்து ஏழு அங்குலம் குறுகிவிட்டார். பாராதைராய்டுதான் காரணம் என்று தெரிந்து கழுத்தைத் திறந்து திறந்து பார்த்தார்கள், கிடைக்கவில்லை. அவர் சும்மா இருக்கவில்லை, தானே நூலகத்தில் உட்கார்ந்து உடற்கூறு புத்தகங்களைப் படித்து, அந்தச் சுரப்பி நெஞ்சுக்குள்ளும் இறங்கியிருக்கலாம் என்று தெரிந்துகொண்டு, அங்கே தேடச் சொல்லி டாக்டர்களை வற்புறுத்தினார். 1932-இல் ஏழாவது ஆபரேஷனில் நெஞ்சுக்குள்தான் கட்டி கிடைத்தது. பாவம், சிறுநீரகக் கல்லால் வந்த சிக்கலில் சில வாரத்திலேயே இறந்துபோனார். அந்தச் சுரப்பி எங்கெங்கே ஒளிந்திருக்கலாம் என்பதைப் பின்னால் வந்த அறுவை மருத்துவர்கள் அவரை வைத்தே படித்தார்கள்.


வேளிமலை:

டீச்சர், நல்ல கேள்வி. பாராதைராய்டு கூடினாலும் பாஸ்பேட் குறையும், ஆனால் அப்போது கால்சியம் ஏறியிருக்கும். தம்பியின் அப்பாவுக்குக் கால்சியம் 9.0, அது நார்மல். இருந்தாலும் பி.டி.எச் (பாராதைராய்டு ஹார்மோன்) எடுத்திருப்பார்கள், இல்லையென்றால் எடுக்கச் சொல்லுங்கள்.

மரச்சீனி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நம் ஊரில் எல்லாப் பழியும் அதன் தலையில்தான் விழும். கேரளத்திலும் நம் பக்கத்திலும் இளம் வயதில் கணையத்தில் கல் விழுந்து சர்க்கரை நோய் வருகிற ஒரு வகை உண்டு, அதற்கு மரச்சீனி காரணமாக இருக்குமோ என்று ஒரு காலத்தில் பெரிதாகச் சந்தேகப்பட்டார்கள். பிறகு அந்த நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க் 1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது, மரச்சீனி மேல் இருந்த சந்தேகம் வலுவிழந்தது. அப்பாவின் பாஸ்பேட்டுக்கும் கிழங்குக்கும் சம்பந்தமில்லை, மீன்குழம்போடு தாராளமாகத் தின்னட்டும்.


கடலோரத்தான்:

மணலைப் பற்றி நான் சொல்கிறேன், மணவாளக்குறிச்சிக்காரன். இங்கே மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது, கதிர்வீச்சு மற்ற இடத்தைவிடக் கூடுதல்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இதே மாதிரி மணல் இருக்கிற கொல்லம் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2009-இல் வெளியிட்டார்கள், கதிர்வீச்சு கூடுதலான இடத்தில் புற்றுநோய் கூடவில்லை என்றுதான் வந்தது. குலசேகரத்து ரப்பர்க் காட்டில் இருப்பவருக்கு எங்கள் மணலால் எலும்பு உருகுகிறது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

ஆனால் கையெழுத்து விஷயத்தில் நான் உன் அம்மா பக்கம். ஏழைகளை வைத்துச் சோதனை பண்ணிவிட்டுப் போய்விடுவார்கள். முதலில் வைத்தியம் நடக்கட்டும், ஆய்வு பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிடு.


நாஞ்சில் வயல்:

கடலோரத்தான் அண்ணனின் பயம் நியாயமானது, இந்த நாட்டில் அப்படி நடந்திருக்கிறது. நான் ஒரு மருத்துவக் கல்லூரியில், ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், நாள் முழுக்க இந்தப் படிவங்களோடுதான் இருக்கிறேன், அதனால் விவரமாக எழுதுகிறேன்.

முதலில், மூன்று காரியத்துக்கு ஒரே கையெழுத்து இல்லை. சிகிச்சைக்கான சம்மதம் வேறு, கேஸை எழுதி வெளியிடும் சம்மதம் வேறு, ரத்தத்தையும் கட்டித் துண்டையும் பிற்கால ஆய்வுக்குச் சேமிக்கும் சம்மதம் வேறு. மூன்றையும் ஒரே தாளில் சேர்த்து வைத்திருந்தால் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றுக்குச் சரி, மற்றதுக்கு வேண்டாம் என்று சொல்லலாம். எதற்கும் சம்மதிக்காவிட்டாலும் சிகிச்சையில் ஒரு குறையும் வைக்கக்கூடாது, இது ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறையில் தெளிவாக இருக்கிறது. பிறகு மனசு மாறினால் விலகிக்கொள்ளவும் உரிமை உண்டு.

தகவல் தாள் தமிழில் இருக்க வேண்டும், அதன் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். அதில் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவுக்குப் படிக்கச் சிரமம் என்றால், அந்த ஆய்வில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருந்து படித்துக் கேட்க வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவர் அப்பாதான். மகன் படித்தவன் என்று உங்களிடம் நீட்டினால், அப்பாவிடமே விளக்கச் சொல்லுங்கள். படம் வெளியிடுவதென்றால் முகம் தெரியாமல் இருக்குமா, ஊர்ப் பெயர் வருமா என்றும் கேளுங்கள், நம் மாதிரிச் சின்ன மாவட்டத்தில் "ரப்பர் வெட்டும் 53 வயதுக்காரர்" என்று எழுதினாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வு என்றால் கதையே வேறு. அதற்கு சி.டி.ஆர்.ஐ என்ற அரசுப் பதிவேட்டில் பதிவு எண் இருக்க வேண்டும், 2009-இலிருந்து அது கட்டாயம். எண்ணைக் கேட்டு இணையத்தில் நீங்களே பார்க்கலாம், காசு இல்லை. ஆய்வினால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் 2019 விதிகளில் இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களிடம் கேட்பது மருந்துச் சோதனையாகத் தெரியவில்லை, மாதிரி சேமிப்பும் கேஸ் எழுதுவதும்தான்.

என் சொந்த அபிப்பிராயத்தையும் சொல்கிறேன். நான் உங்கள் இடத்தில் இருந்தால், மேலே சொன்னதெல்லாம் சரியாக இருக்குமென்றால், போடுவேன். இந்தக் கட்டியை எடுக்க முடியாதவர்களுக்கு புரோசுமாப் என்று ஒரு ஊசி இருக்கிறது, எஃப்.ஜி.எஃப் 23-ஐப் பிடித்து நிறுத்தும். 2020-இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அதை அனுமதித்தபோது ஆதாரமாக இருந்தது இரண்டே ஆய்வுகள், அமெரிக்காவில் 14 பேர், ஜப்பானிலும் கொரியாவிலும் சேர்த்து 13 பேர். மொத்தம் 27 பேர்! சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஆயிரக்கணக்கில் ஆள் கிடைப்பார்கள், இதற்கு அப்படிக் கிடைக்க மாட்டார்கள். அப்பாவின் கேஸை ஒருவர் ஒழுங்காக எழுதி வைத்தால், கோதையாறு பக்கத்திலோ கல்குளத்திலோ இதே வலியோடு கிடக்கிற அடுத்த ஆளுக்கு ஏதோ ஒரு டாக்டர் பாஸ்பரஸ் எழுதுவார்.


கடலோரத்தான்:

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு நன்றி நாஞ்சில் வயல். பிரதி கையில் வாங்காமல் மட்டும் போடாதே தம்பி.


அருவிக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொன்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தக்கலை அக்கா சொன்னதைக் கேட்டு ஸ்கேன் சீட்டில் "உச்சி முதல் பாதம் வரை, இரு கைகளும் சேர்த்து" என்று டாக்டரிடம் எழுதி வாங்கிவிட்டேன். இடுப்பு எக்ஸ்ரேயில் இடது பக்கம் வேளிமலை அண்ணன் சொன்ன கோடு இருக்கிறது, இரண்டு கம்பு கொடுத்துவிட்டார்கள், கட்டிலை முன்னறைக்கு மாற்றிவிட்டோம். பி.டி.எச் ரத்தமும் எடுத்தாயிற்று. படிவத்தில் மூன்றும் தனித்தனிக் கட்டமாகத்தான் இருந்தது, அப்பா மாதிரி சேமிக்கச் சரி என்றார், கேஸ் எழுதவும் சரி என்றார், முகம் வரக்கூடாது, ஊர்ப் பெயரும் வரக்கூடாது என்று அவரே எழுதச் சொன்னார். அம்மாவும் கூட இருந்து கேட்டாள்.

கட்டி கிடைக்கும்வரை குடிக்கச் சொல்லி ஒரு பாஸ்பேட் கரைசல் கொடுத்திருக்கிறார்கள், ஜூலி கரைசலாம், மருந்துக் கடையிலேயே கலந்து தருகிறார்கள். கூடவே கால்சிட்ரியால் மாத்திரை, அது வேலை செய்யும் வடிவத்து வைட்டமின் டி-யாம். குடித்தால் வயிற்றால் போகிறது, அப்பா காலையில் பால்சாயாவோடு சேர்த்து ஒரே மூச்சில் குடித்துவிடுகிறார். அது சரியா?


வேளிமலை:

சரியில்லை, மாற்றிவிடுங்கள். பாலில் இருக்கும் கால்சியம் பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், பாதி வீணாகும். கால்சியம் மாத்திரை இருந்தால் அதையும் அதே நேரத்தில் தரக்கூடாது, இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். சாயா வேண்டுமென்றால் அந்த நேரத்தில் பால் இல்லாத கட்டன்சாயா குடிக்கட்டும்.

ஒரே மூச்சில் குடிப்பதால்தான் வயிற்றால் போகிறது. நாள் அளவை நாலாகவோ ஐந்தாகவோ பிரித்து, நிறையத் தண்ணீரில் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லுங்கள். ஒரு வேளை அதிகமாகக் கொடுத்தாலும் ரத்தத்தில் சீக்கிரம் இறங்கிவிடும், பிரித்துக் கொடுத்தால்தான் நாள் முழுக்க நிற்கும். அப்படியும் வயிற்றால் போவது நிற்கவில்லையென்றால் டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைத்துத் தொடங்கி மெல்ல ஏற்றலாம், நீங்களாக நிறுத்த வேண்டாம். கால்சிட்ரியாலைத் தனியாக நிறுத்திவிட்டுக் கரைசலை மட்டும் கொடுப்பதும் கூடாது, பாஸ்பேட் மட்டும் போனால் பாராதைராய்டு வீங்கிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து நாள்பட்டால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியலாம், அதனால் ரத்தக் கால்சியம், சிறுநீர்க் கால்சியம், கிரியாட்டினின் எல்லாம் அவர்கள் சொல்லும் தேதியில் எடுத்துவிடுங்கள், வயிற்று ஸ்கேனும் ஒன்று எடுத்து வைப்பார்கள்.

டோட்டாடேட் ஸ்கேனுக்கு அம்மா கதிர்வீச்சைப் பற்றிப் பயந்தால் இதைச் சொல்லுங்கள், அதில் போடுகிற கேலியம் என்ற கதிரியக்கப் பொருள் 68 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும், அன்று ராத்திரிக்குள் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. ஸ்கேனில் எதுவும் தெரியாவிட்டாலும் மனசு தளர வேண்டாம், கரைசலையும் மாத்திரையையும் தொடர்ந்துகொண்டு கொஞ்ச காலம் கழித்து மறுபடி தேடுவார்கள். கட்டி கிடைத்து ஆபரேஷன் என்று வந்தால், சுற்றியுள்ள நல்ல சதையும் கொஞ்சம் சேர்த்து முழுசாக எடுப்பார்களா என்று மட்டும் கேளுங்கள், பெரும்பாலும் இது புற்றுநோய் கிடையாது, ஆனால் சுரண்டி எடுத்து மிச்சம் விட்டால் அந்த மிச்சமும் சுரக்கும். ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.